மொறிஸ் மைனரில் இருப்பது எந்த எஞ்சின்? நான்கு வகைகளையும் இனங்காணும் முறை

மொறிஸ் மைனர் கார் 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. இந்த நீண்ட காலத்தில் அதன் தோற்றம் மிகச் சிறிதளவே மாறியது. ஆனால் முன்மூடியின் கீழ் 918, 803, 948, 1098 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு வெவ்வேறு எஞ்சின்கள் வந்து போயின. இவற்றில் பின்னைய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்துவது கடினமான வேலையல்ல. இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மைனர்களில் பல, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கை மாறியும் கராஜ் மாறியும் வந்தவை. ஆகவே வண்டியின் உடல் எந்த ஆண்டைச் சொல்கிறதோ அந்த ஆண்டுக்குரிய எஞ்சின்தான் உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த எஞ்சின் என்று தெரியாமல் பிஸ்டனோ பேரிங்கோ ஹெட் காஸ்கட்டோ வாங்குவது பணத்தை வீணாக்கும். அதைவிட முக்கியமானது, ஒவ்வோர் எஞ்சினும் தனக்கேயுரிய கியர்பெட்டியோடும் பின் அச்சோடும் பிரேக்கோடும் சேர்த்தே தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது என்பதாகும். எஞ்சினை மாத்திரம் மாற்றி மற்றவற்றை விட்டுவைத்த வண்டி பாதுகாப்பாக ஓடாமல் போகலாம். பழைய மைனர் ஒன்றை வாங்கப்போகிறவரும், வீட்டில் நிற்கும் ஒன்றைத் திரும்ப ஓடவைக்க நினைப்பவரும் முதலில் செய்யவேண்டிய வேலை இந்த இனங்காணலே.

உடலிலிருந்து தொடங்குதல்

உடல் முடிவான சாட்சி அல்ல. ஆயினும் எஞ்சின் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லும். முன்கண்ணாடி நடுவே பிரிக்கப்பட்டு இரண்டு துண்டுகளாக இருந்தால் வண்டி 1956 இறுதிக்கு முற்பட்டது. எஞ்சின் 918 அல்லது 803 ஆக இருந்திருக்கும். முன்விளக்குகள் கிரில்லுக்குள் தாழ்வாக அமைந்திருந்தால் அது மிகத் தொடக்ககால எம்.எம் வரிசை. வளைந்த ஒற்றை முன்கண்ணாடியும் அகன்ற பின்கண்ணாடியும் உள்ளவை 1956 இறுதியில் வந்த மைனர் 1000 வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் 1962 செப்டெம்பர் வரை 948 எஞ்சினும், அதன் பின் 1098 எஞ்சினும் பொருத்தப்பட்டன. இந்த இரண்டையும் உடலைப் பார்த்துப் பிரிப்பது எளிதல்ல. கதவோரத் தூணிலிருந்து வெளியே நீளும் கைகாட்டிகள் 1961இல் ஒழிந்து மின்னும் விளக்குகள் வந்தன என்பது ஓரளவுக்கு உதவும்.

இந்தியாவில் மைனரைத் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்கலாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் எம்.எம் வரிசை மைனரை ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் அங்கே செய்து விற்றது. அந்த வண்டிக்கு உரியது 918 எஞ்சின்.

பக்கவால்வு எஞ்சின்: 918

நான்கிலும் மிக எளிதாக இனங்காணக்கூடியது இதுவே. இதன் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே அமைந்திருக்கின்றன. எனவே மேல்வால்வுகளை இயக்கும் பாகங்களை மூடும் ரொக்கர் கவர் மேலே இல்லை. முன்மூடியைத் திறந்தால் தட்டையான ஒரு ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) அதன் மேற்பரப்பில் நான்கு பிளக்குகளும் தெரியும். ரொக்கர் கவர் இருக்கிறதென்றால் அது 918 அல்ல. இந்த ஒரு கேள்விக்கு அளவுகோல் எதுவும் தேவையில்லை.

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இருபுறமும் படுத்த நிலையில் இரண்டிரண்டு சிலிண்டர்கள் கொண்ட புதிய எஞ்சின் ஒன்றைத்தான் மனத்தில் வைத்திருந்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால் அதற்கு முந்திய மொறிஸ் எயிட் காரின் எஞ்சினே இதற்கும் வந்து சேர்ந்தது. எஞ்சின் அறை அவ்வளவு அகலமாக இருப்பதற்கும் காரணம் அந்தப் படுத்த எஞ்சினுக்கு இடம் விட்டதுதான். பக்கவால்வு எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 57 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீற்றர். ஒடுங்கி நீண்ட இந்த அமைப்பு ஏறத்தாழ 27 குதிரைவலுவைத் தந்தது. தொடக்ககால எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பு இல்லை. சூடான நீர் மேலெழுந்து ரேடியேற்றருக்குள் சென்று, குளிர்ந்து, கீழிறங்கி, தானாகவே சுற்றிவரும்படி அமைத்திருந்தார்கள். பம்பு 1950 இறுதியிலிருந்துதான், அதுவும் ஹீற்றரோடு சேர்ந்து, விருப்பத் தெரிவாகக் கிடைத்தது. கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில் பம்பு இல்லாத எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால் அதைப் பழுது என்று உடனே முடிவுசெய்யக் கூடாது. ரேடியேற்றரும் நீர்வழிகளும் முற்றாகத் துப்புரவாக இருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

இந்த எஞ்சினோடு இயங்கும் வண்டி கையில் கிடைத்தால் அதை அப்படியே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்வேன். வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொடுவதே கடினம் என்றாலும், அதன் மெல்லிய இயக்கமும் தாழ்ந்த வேகத்திலும் நின்றுவிடாமல் இழுக்கும் தன்மையும் பின்வந்த எவற்றிலும் கிடைக்கவில்லை.

ஏ வரிசை: 803, 948, 1098

1952இல் ஓஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. ஓஸ்ரின் ஏ30 காருக்காகச் செய்யப்பட்டிருந்த மேல்வால்வு எஞ்சின் அதனால் மைனருக்கு வந்தது. ஏ வரிசை என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பத்தின் மூன்று உறுப்பினர்களும் வெளித்தோற்றத்தில் பெரிதும் ஒத்திருக்கும். சாரதியின் இருக்கையிலிருந்து பார்த்தால் காபரேற்றரும் புகைபோக்கியும் இடப்பக்கம், பிளக்குகளும் டிஸ்ரிபியூற்றரும் டைனமோவும் வலப்பக்கம். மூன்றிலும் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்று முதன்மைப் பேரிங்குகளே உள்ளன. மூன்றிலும் தீப்பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் பாயும்.

803 இன் வலு 30 குதிரைவலு மட்டுமே. அதற்கு ஈடாக 5.286 என்ற மிகத் தாழ்ந்த பின் அச்சு விகிதத்தைக் கொடுத்தார்கள். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே வெளி அதிகம் என்பதால் ஏற்றத்தில் சாரதி திணறுவார். இதன் உண்மையான பலவீனம் கீழ்ப்பகுதியில் உள்ளது. இணைப்புத் தண்டைத் தாங்கும் கிராங் ஊசியின் விட்டம் 1 7/16 அங்குலம்தான். பேரிங்குகள் மென்மையான வெள்ளை உலோகத்தாலானவை. எண்ணெயின் ஒரு பகுதி மாத்திரமே வடிகட்டி ஊடாகச் செல்லும். நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் இந்தப் பேரிங்குகள் தேய்ந்து, கீழிருந்து ஒரு தட்டல் ஓசை எழும். 803 எஞ்சினுள்ள வண்டியை வாங்குமுன் சூடேறிய நிலையில் அந்த ஓசைக்குக் காது கொடுப்பது அவசியம்.

948 எஞ்சினில் இந்தக் குறைகள் எல்லாம் தீர்க்கப்பட்டன. கிராங் ஊசி 1 5/8 அங்குலமாகப் பருத்தது. ஈயமும் இண்டியமும் பூசிய வலுவான பேரிங்குகள் வந்தன. எண்ணெய் முழுவதும் வடிகட்டி ஊடாகச் சென்றது. பிஸ்டனின் ஓட்டத்தை 803இல் இருந்த அதே 76.2 மில்லிமீற்றராக வைத்துக்கொண்டு சிலிண்டர் விட்டத்தை மட்டும் பெருப்பித்தார்கள்; அதற்கு இடம் காண்பதற்காக ஒன்றாம் இரண்டாம் சிலிண்டர்களுக்கு நடுவிலும், மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவிலும் இருந்த நீர்வழி நீக்கப்பட்டது. வலு 37 ஆக உயர்ந்தது. கிராங் ஊசியின் அளவு மாறியதால் 803 இன் இணைப்புத் தண்டுகளையும் பெரிய முனைப் பேரிங்குகளையும் 948இல் பயன்படுத்த முடியாது. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும் பழைய உதிரிபாகக் கடைகளில் இதைக் கவனிக்கவேண்டும்.

1098 எஞ்சினில் விட்டம், ஓட்டம் இரண்டுமே கூடின. 48 குதிரைவலுவும், அதைவிடப் பயனுள்ளதாக, நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே கிடைக்கும் நல்ல இழுவையும் இதன் சிறப்புகள். நான்கு பேரோடு மலையேற வேண்டுமானால் இதுவே ஏற்றது. ஆனால் பிஸ்டனின் ஓட்டம் 83.72 மில்லிமீற்றராக நீண்டபோதும் முதன்மைப் பேரிங்கின் விட்டம் 1.75 அங்குலமாகவே இருந்துவிட்டது. எனவே உயர்ந்த சுற்றுகளில் கிராங் சற்று வளைந்து அதிரும். சமவெளியில், அளவான வேகத்தில், அமைதியாக ஓட விரும்புகிறவருக்கு 948தான் மைனருக்குக் கிடைத்த மிகச் சிறந்த எஞ்சின் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கழற்றிவிட்டு 1098 பொருத்துவதை முன்னேற்றம் என்று எல்லா வேளையிலும் கொள்ளக் கூடாது.

எண் தகட்டைப் படித்தல்

ஏ வரிசை எஞ்சினின் எண் பிளாக்கின் வலப்பக்கத்தில், டைனமோவைத் தாங்கும் பிடிக்கு மேலே, சிறிய தகடொன்றில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாலொழிய அது கண்ணுக்குத் தெரியாது. 803 எஞ்சினில் எண் ஏ.பி.எச்.எம் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். 9 எம் என்று தொடங்கினால் அது மைனருக்கென்றே செய்யப்பட்ட 948, 10 எம்.ஏ என்று தொடங்கினால் 1098. தொடர்ந்து வரும் எழுத்துகளில் எச் அல்லது எல் என்பது அமுக்க விகிதத்தைக் குறிக்கும். 948இல் உயர் அமுக்கம் 8.3, தாழ் அமுக்கம் 7.2, 1098இல் அவை முறையே 8.5, 7.5. 9 ஏ என்றிருந்தால் அந்த எஞ்சின் ஓஸ்ரின் ஏ35 காரிலிருந்து வந்தது, 9 சி என்றிருந்தால் ஸ்பிறைற் விளையாட்டுக் காரிலிருந்து வந்தது.

தகட்டில் உள்ள எண்ணையும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றானாலும் விடயம் முடிந்துவிடவில்லை. தகடு ஆணியால் அறையப்பட்ட ஒன்று. அதைக் கழற்றி வேறு பிளாக்கில் அறைவது எவருக்கும் இயலும். ஆகவே ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அளந்து பார்ப்பதே இறுதியான முறை.

அளந்து உறுதிசெய்தல்

தேவையானது ஆழம் அளக்கும் தண்டுள்ள ஒரு வேணியர் இடுக்கிமானி மட்டுமே. ஹெட் கழன்றபின் சிலிண்டரின் மேல் விளிம்பில் தேய்வினால் ஒரு மேடு உருவாகியிருக்கும். அந்த மேடுதான் தேயாத பகுதி. விட்டத்தை அங்கே அளப்பது நல்லது. பிறகு கைப்பிடியால் கிராங்கைச் சுற்றி முதலாம் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேற்பரப்பிலிருந்து பிஸ்டனின் தலைக்கு உள்ள ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை அடிக்கு இறக்கி, அதே இடத்தில் மீண்டும் அளவுங்கள். இரண்டு ஆழங்களுக்கும் உள்ள வித்தியாசமே பிஸ்டனின் ஓட்டம். ஹெட்டைக் கழற்றாமல் பிளக் துவாரம் வழியாகக் கம்பி விட்டு அளக்க முயல்கிறவர்கள் உண்டு. அந்தத் துவாரம் சாய்வாக அமைந்திருப்பதால் அந்த அளவை நம்பக் கூடாது.

தொழிற்சாலை அளவுகளின்படி 803க்கு விட்டம் 57.9, ஓட்டம் 76.2 மில்லிமீற்றர், 948க்கு 62.9, 76.2; 1098க்கு 64.6, 83.72. இங்கே பலரும் தவறும் ஓரிடம் இருக்கிறது. 948க்கும் 1098க்கும் இடையே விட்டத்தில் உள்ள வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பலமுறை றீபோர் செய்யப்பட்டு (சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்து) 0.060 அங்குல ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றப்பட்ட 948 எஞ்சினின் விட்டம் 64.4 மில்லிமீற்றராகிவிடும். விட்டத்தை மட்டும் அளந்தவர் அதை 1098 என்றே சொல்வார். ஓட்டம் றீபோரினால் மாறாது. 76 என்று வந்தால் 948, 84ஐ நெருங்கினால் 1098. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

உண்மையான கொள்ளளவைக் கணிக்க விரும்பினால், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஓட்டத்தால் பெருக்கி, 0.7854ஆலும் பின்னர் 4ஆலும் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் கன சென்ரிமீற்றரில் விடை வரும். மேலே சொன்ன 0.060 ஓவர்சைஸ் எஞ்சினுக்கு இது ஏறத்தாழ 993 ஆகும். ஹெட் காஸ்கட்டையும் பிஸ்டன் வளையங்களையும் வாங்கக் கடைக்குப் போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை இந்த எண்கள்தாம். “மைனர் 1000” என்ற பெயர் மட்டும் போதாது, ஏனென்றால் 948, 1098 ஆகிய இரண்டுமே அந்தப் பெயரில்தான் விற்கப்பட்டன.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் ஓடிய வண்டிகளில் இந்த அளவீட்டைக் கூடுதல் கவனத்தோடு செய்யவேண்டும். 1990களில் வடக்குக்குப் பெற்றோல் செல்லாதிருந்த ஆண்டுகளில், சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கிவைத்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டுவது அங்கே அன்றாட வழக்கமாயிருந்தது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள்தாம் அதைத் தாங்கின. அந்த மக்களின் நடமாட்டத்தை இவ்வண்டிகள் காப்பாற்றிக் கொடுத்ததை மறக்க முடியாது. ஆனால் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து கீழ்ச்சட்டி எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அதனால் சிலிண்டரும் பேரிங்குகளும் வேகமாகத் தேயும். அத்தகைய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியே, மேலும் நடுவிலும் கீழுமாக அளந்து பார்த்த பின்னரே பிஸ்டன் வாங்கவேண்டும்.

கியர்பெட்டி, பின் அச்சு, பிரேக்

கியர்பெட்டியைப் பிரித்தறிவது எளிது. நீண்டு வளைந்த கியர்க்கம்பி 803க்கும் அதற்கு முந்தியதற்கும் உரியது. குட்டையான கம்பி மைனர் 1000க்கு உரியது. வண்டியின் கீழே படுத்துப் பார்க்கும்போது பெட்டியின் வெளிப்புறம் வழவழப்பாக இருந்தால் அது 948 காலத்தது, வரிவரியாக விலாவெலும்புகள்போல் தடித்திருந்தால் 1098 காலத்தது. 1098இல் கிளச்சும் 6.25 அங்குலத்திலிருந்து 7.25 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டது. எனவே 1098 எஞ்சினை வழவழப்பான பழைய பெட்டியோடு இணைத்திருந்தால் அந்தப் பெட்டி தன் பலத்துக்கு மிஞ்சிய சுமையைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

பின் அச்சின் விகிதத்தைக் கண்டறிய முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்சில்லு ஒன்றை மட்டும் உயர்த்தி உறுதியான தாங்கியில் நிறுத்தி, கியரை நடுநிலையில் விடுங்கள். உயர்த்திய சில்லிலும் நடுத்தண்டிலும் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், நடுத்தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று. ஐந்தேகாலைச் சற்றுத் தாண்டினால் 803 இன் அச்சு, நாலரையைச் சற்றுத் தாண்டினால் 948 இன் 4.555, நாலேகாலுக்குச் சற்றுக் குறைந்தால் 1098 இன் 4.22.

இந்த எண்ணின் பொருள் நெடுஞ்சாலையில் தெரியும். வழமையான 14 அங்குலச் சில்லுகளோடு மணிக்கு 80 கிலோமீற்றரில் போகையில், 5.286 அச்சுள்ள வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்றும், 4.555 அச்சில் 3,300 சுற்றும், 4.22 அச்சில் 3,050 சுற்றும் சுழலும். 803ஐ எடுத்துவிட்டு 948 பொருத்திய வண்டியில் பழைய அச்சு அப்படியே இருந்தால் எஞ்சின் காரணமின்றிக் கதறும், எரிபொருளும் வீணாகும். மறுபுறம், 803க்கு 4.22 அச்சைக் கொடுத்தால் ஏற்றத்தில் இழுக்காது.

பிரேக் விடயத்தில் விட்டுக்கொடுப்பு இருக்கவே கூடாது. 1098 வந்தபோது முன் பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கியது தொழிற்சாலையே. 48 குதிரைவலுவை ஏற்றிவிட்டு 7 அங்குல டிரம்மோடு ஓடும் மைனரை, டிரம்மை மாற்றும்வரை நான் ஓட்டவோ மற்றவரை ஓட்டச்சொல்லவோ மாட்டேன்.

ஹெட்டைப் பற்றிச் சில சொற்கள்

ஹெட்டின் மேற்பரப்பில், ரொக்கர் கவருக்கு அடியில், வார்ப்பு எண் இருக்கும். 12 ஜி 202 என்பது 1098க்கு உரியது. 12 ஜி 295 என்பது பெரிய உள்வழி வால்வுகள் கொண்ட ஹெட். 1098இல் அதைப் பொருத்துவது நல்ல மேம்பாடு. 12 ஜி 940 என்பது 1275 எஞ்சினுடையது. அதை 948இலோ 1098இலோ வெறுமனே பூட்டினால் புகைவால்வு திறக்கும்போது பிளாக்கில் இடிக்கும். பிளாக்கில் அதற்கென்று குழி கடையவேண்டும். பெரிய எஞ்சினின் ஹெட்டைச் சிறிய எஞ்சினில் வைத்தால், எரியும் அறையின் கொள்ளளவு கூடி அமுக்கம் குறைந்துவிடும் என்பதும் மறக்கக்கூடாதது. 1098 ஹெட் பூட்டிய 948 சோம்பலாக ஓடுவதற்குக் காரணம் பல வேளைகளில் இதுவே.

ஈயம் கலந்த பெற்றோல் இந்தியாவில் 2000இலும் இலங்கையில் 2002இலும் நின்றுபோனது. இந்த எஞ்சின்கள் செய்யப்பட்ட காலத்தில் புகைவால்வின் இருக்கையை அந்த ஈயமே தேயாமல் காத்தது. இப்போது நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே அமிழும்; 0.012 அங்குலமாக இருக்கவேண்டிய வால்வு இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வருவது அதன் அறிகுறி. எப்படியும் ஹெட்டைக் கழற்றி அளக்கும் வேளையில், கடைசல் பட்டறையில் கொடுத்துப் புகைவால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளைப் பதித்துவிடுங்கள். எஞ்சினைத் திரும்பப் பூட்டி பற்றரியை இணைக்கும்போது, மாற்றம் செய்யப்படாத எல்லா மைனர்களிலும் உடலோடு இணைவது நேர்முனை என்பதைக் கவனியுங்கள். மாறி இணைத்தால் டைனமோவும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேதமடையலாம். அளந்து கண்ட எஞ்சின் பதிவுப் புத்தகத்தில் உள்ளதிலிருந்து வேறுபட்டிருந்தால், வண்டியைக் கைமாற்றுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்திக்கொள்ளவேண்டும்.